சரோஜா அக்காவின் போனில் கோளாறு இல்லை

ஷாலினி, தினேஷ்,

உங்கள் மாமா மகளின் நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் ஷாலினி எல்லார் முன்னாலும் சொன்னது நினைவிருக்கிறதா? “எங்க அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தமிழ்ல தெரியாத விஷயமே இல்ல லா. ஃபார்ம் ஃபைவ்தான் படிச்சாரு. ஆனா டிகிரி முடிச்சவங்களே அவர்கிட்டதான் வந்து கேக்குறாங்க.” மாமாகூட, “அப்டியா மச்சான், சொல்லவே இல்லயே!” என்று என் முதுகில் தட்டினார். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அப்பா கூச்சப்படுகிறார் என்று நீங்கள் சிரித்தீர்கள்.

அது கூச்சம் இல்லை. என்ன என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதி வைக்கிறேன். இரண்டு பேரும் படியுங்கள். தினேஷுக்குக் கம்ப்யூட்டர் வேலையில் ஆசை இருப்பதால், வேலையைப் பற்றிய சில விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. விரல் பழகியது

டத்தோ கிராமாட்டில் ஹனிபா அண்ணன் அச்சுக்கடையில் நான் சேர்ந்த முதல் நாள், அவர் என் முன்னால் ஒரு கீபோர்டை வைத்து, “கல்யாணப் பத்திரிகை ஒண்ணு இருக்கு தம்பி. மத்தியானத்துக்குள்ள அடிச்சிரு” என்றார். எனக்குத் தமிழில் அடிக்கத் தெரியாது. சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ‘வ’ வேண்டுமென்றால் ஆங்கில ‘டி’. ‘ண’ வேண்டுமென்றால் ‘இசட்’. ‘க’வுக்கு ‘எஃப்’. புள்ளி வைக்க செமிகோலன். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் ஆயிற்று. மணமகளின் அப்பா கடை வாசலிலேயே நின்றார்.

ஆறு மாதத்தில் அட்டையைப் பார்க்காமல் அடித்தேன். இரண்டு வருடத்தில் யாராவது பேசினால் அந்த வேகத்திலேயே அடிப்பேன். பத்திரிகை, நினைவஞ்சலி, கோயில் பேனர் எல்லாம் என் கைதான். “சேகர் கைக்கு மிஷின் தோத்துரும்” என்று அண்ணன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அந்தப் பழைய எழுத்துருவில் ஒரு தந்திரம் உண்டு. கம்ப்யூட்டருக்குள் போவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருக் கோப்பில் மட்டும் ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வ’ படத்தை வரைந்து வைத்திருப்பார்கள். கண்ணுக்கு ‘வணக்கம்’ தெரியும். உள்ளே இருப்பது டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன். காகிதத்தில் அச்சடிக்கிறவரைக்கும் இதில் ஒரு கெடுதலும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காகிதத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

2. முகமூடி

பிறகு வெப்சைட் வேலையும் வந்தது. பாலத்தைத் தாண்டி அக்கரையில், செபராங் ஜெயாவில் நம் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்தும் டயாலிசிஸ் சென்டர் ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாரம் மூன்று முறை மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிற இடம். அதைக் கவனித்துக்கொள்கிற சிஸ்டர் இந்திராணி ஹனிபா அண்ணனுக்குத் தெரிந்தவர். அங்கே வருகிறவர்களில் பாதிக்குமேல் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த பெரியவர்கள். “மொதல்ல தமிழ்ல மட்டும் போடுங்க. மலாய்ல அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் சிஸ்டர். சாப்பாட்டுப் பட்டியல், மருந்துக் குறிப்பு, யாருக்கு எந்த நேரம் என்கிற அட்டவணை, அறிவிப்புகள். எல்லாம் சேர்த்து நாற்பது பக்கத்துக்கு மேல்.

இங்கே கொஞ்சம் பாடம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலகத்தில் இருக்கிற எல்லா எழுத்துக்கும் ஆளுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் யுனிகோட். நம் ‘அ’வுக்கு 2949. வெப் பக்கத்தை எழுதுகிற மொழி எச்டிஎம்எல். அதன் தலையில் ‘சார்செட்’ என்று ஒரு வரி போடுவோம். இந்தக் கோப்பில் எழுத்தின் எண்களை எந்த முறையில் எழுதி வைத்திருக்கிறேன் என்று பிரவுசருக்குச் சொல்கிற வரி அது. இது என்ன மொழி என்று சொல்லவும் ஒரு குறி உண்டு. ‘அ’வை நேராக அடிக்க முடியாவிட்டால் அ என்று எண்ணையே எழுதலாம். பக்கத்துக்கு நிறம், அளவு, எழுத்துரு கொடுப்பது ஸ்டைல்ஷீட். அங்கே அதே ‘அ’வை \0B85 என்று எழுத வேண்டும். எழுதுகிற விதம் வேறு, எண் ஒன்றுதான். இது என்ன எழுத்து என்று சொல்வது பக்கத்தின் வேலை. அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது ஸ்டைல்ஷீட்டின் வேலை.

நான் என்ன செய்தேன்? யுனிகோட் முறையில் அடிக்க என் விரல் பழகவில்லை. இத்தனை வருடம் பழகிய வேகத்தை விட்டுவிட்டு, மறுபடியும் முதல் நாள் மாதிரி சுவர் அட்டையைப் பார்த்து அடிக்க மனம் வரவில்லை. அதனால் பழைய முறையிலேயே அடித்தேன். பழைய எழுத்துருவை வெப்சைட்டோடு சேர்த்து அனுப்பும்படி ஸ்டைல்ஷீட்டில் மூன்று வரி எழுதினேன். அப்படிச் செய்தால் யார் போனில் திறந்தாலும் தமிழ் அழகாகத் தெரியும். பக்கத்தின் தலையில் ‘சார்செட்’ வரியைச் சரியாகப் போட்டேன். மொழி தமிழ் என்றும் போட்டேன். உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டி, மேலே ‘இது தமிழ்’ என்று எழுதியும் வைத்தேன்.

சிஸ்டர் இந்திராணி தன் போனில் திறந்து பார்த்து, “எவ்ளோ அழகா இருக்கு தம்பி!” என்றார். ஹனிபா அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம் போலிருந்தது.

3. ஆப்பரேட்டர்

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு போன்.

“வணக்கம் தம்பி. நா சரோஜா பேசுறேன், ஜுருவுலேர்ந்து. நீங்கதான் சென்டர் வெப்சைட் செஞ்சீங்களா?”

குரல் அவ்வளவு தெளிவு. பிறகுதான் தெரிந்தது, முப்பது வருடம் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர். சர்க்கரை வியாதியில் முதலில் சிறுநீரகம் போனது, பிறகு கண் பார்வையும் போனது. கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை. மருமகள் கோமதி பக்கத்து ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பகலில் அக்கா வீட்டில் தனியாகத்தான் இருப்பார். போனில் ‘திரை படிப்பான்’ என்று ஒன்று இருக்கிறது. விரலால் தொட்ட இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாய்விட்டுப் படிக்கும். அதை வைத்தே செய்தி கேட்பார், கோயில் விசேஷம் தெரிந்துகொள்வார், மகனுக்கு மெசேஜ் அனுப்புவார்.

“எல்லாத்தையும் படிக்குது தம்பி. ஒங்க பக்கம் மட்டும் என்னமோ உளறுது லா.”

“என்ன சொல்லுதுக்கா?”

“இருங்க, ஒவ்வொரு எழுத்தா வச்சுக் கேட்டேன். சொல்லுறேன், எழுதிக்கங்க. மொத வரி. டி ஃபார் டைகர். இசட் ஃபார் ஸீப்ரா. எஃப் ஃபார் ஃபாதர். அப்புறம் செமிகோலன். மறுபடி எஃப். கே ஃபார் கிங். மறுபடி செமிகோலன்.”

நான் எழுதிக்கொள்ளவில்லை. என் விரல்கள் மேசைமேல் தாமாகவே அசைந்தன. டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன். வணக்கம். கண் தெரியாத ஓர் அம்மாள் பதினைந்து மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, நான் எந்தச் சாவியை எந்த வரிசையில் தட்டினேன் என்று எனக்கே படித்துக் காட்டினார். ஒரு சாவிகூடத் தப்பவில்லை.

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், பிள்ளைகளே. பிறகு புரிந்ததில்லை, விசாரித்துத் தெரிந்ததில்லை. அந்த நிமிடமே. எழுத்துருவின் முகம் கண்ணுக்குத்தான். அவர் போனுக்கு முகமூடி தெரியாது. உள்ளே இருப்பதை இருக்கிறபடி படித்தது.

பக்கத்து மேசையில் ஹனிபா அண்ணன் ஒரு வாடிக்கையாளரிடம், “தமிழ் வேலயா? அதோ இருக்கான் பாருங்க, நம்ம சேகர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒங்க போன் பழைய மாடலா?” என்றேன்.

“ஆமா தம்பி. மகன் வாங்கிக் குடுத்து அஞ்சாறு வருஷம் இருக்கும்.”

“அதான்க்கா. பழைய போன்ல தமிழ் ஒழுங்கா வராது.”

“ஓ... அப்டியா. சரி தம்பி. ஒங்க நேரத்த வீணாக்கிட்டேன்.”

4. புதுப் போன்

ஒரு மாதத்தில் அவர் புதுப் போன் வாங்கினார். மறுபடியும் கூப்பிட்டார்.

“தம்பி, இதுலயும் அதே டி, இசட்தான் லா.”

“செட்டிங்ஸ்ல ஏதாச்சும் சாலாவா இருக்கும்கா. யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க.”

தப்பு என்று சொல்ல மலாயில் ‘சாலா’ என்போமே, அந்தச் சொல்லை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். சிஸ்டர் இந்திராணி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். “அவங்க போன்லதான் சிஸ்டர் பிரச்சன. நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல.” சிஸ்டர் தன் போனைத் திறந்து பார்த்தார். தமிழ் அழகாக இருந்தது. நம்பிவிட்டார்.

கோமதி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாமியாரின் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்தாராம். பெனிங், தலை சுத்துது என்று வைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அக்கா யாரையும் கேட்கவில்லை. எனக்கும் போன் வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாற்பது பக்கத்தையும் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி படித்துத் திருத்த வேண்டும், ஏன் என்று ஹனிபா அண்ணன் கேட்பார், இத்தனை நாள் தப்பாகத்தான் செய்தாயா என்பார். இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன். தினமும் உங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். நீங்கள் கையாட்டினீர்கள், நானும் ஆட்டினேன்.

5. தண்ணீர் வெட்டு

அந்த வாரம் குழாய் மாற்றுவதற்காக நம் மாநிலத்தில் பல இடங்களில் தண்ணீர் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். நீங்கள்கூட வாளி வாளியாகப் பிடித்து வைத்தீர்கள். டயாலிசிஸ் மெஷினுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். அதனால் வியாழக்கிழமை ஆட்களையெல்லாம் புதன் மாலைக்கு மாற்றினார் சிஸ்டர். வியாழனும் வெள்ளியும் சென்டர் மூடல். அறிவிப்பை எனக்கு அனுப்பினார். நான் பத்து நிமிடத்தில் அடித்து வெப்சைட்டில் ஏற்றினேன், பழைய விரலால்.

முன்பெல்லாம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்வார்கள். வெப்சைட் வந்த பிறகு அது நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் ‘புதிய அறிவிப்பு’ என்று ஒரு இணைப்பு மட்டும் போகும். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், புதன்கிழமை வந்தார்கள்.

சரோஜா அக்காவும் தொட்டார். டி, இசட் என்று வந்திருக்கும். சாப்பாட்டுப் பட்டியலுக்கும் நன்கொடை விருந்துக்கும்கூட அதே மாதிரி இணைப்புதான் போகும். இதுவும் அப்படி ஏதோ என்று விட்டுவிட்டார். ஷிஃப்ட் முடிந்து கால் வீங்கி வந்த கோமதியை எழுப்பிப் படிக்கச் சொல்ல அவருக்கு மனமில்லை.

வியாழக்கிழமை காலை எப்போதும்போல வாடகைக்கு ஒரு கெரேட்டா பிடித்து, காரில் தனியாகச் சென்டருக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. காவலாளிதான் சொன்னார், “நேத்தே முடிஞ்சிருச்சும்மா.” அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சனிக்கிழமைவரை தாங்கிவிடலாம் என்று நினைத்தார். தாங்கவில்லை. உடம்பில் தங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூச்சு விட முடியாமல் போயிற்று. கோமதி ஷிஃப்ட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிழைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஷாலினி பயந்துவிடுவாள்.

6. ஒரு புது விதி

திங்கட்கிழமை பேனர் கொடுக்கப் போனபோது சிஸ்டர் இந்திராணி சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அவர் கோபமாக இருந்தார். கோபம் சரோஜா அக்காமேல்.

“எத்தன தடவ சொன்னேன், மருமகளக் கூட்டிட்டு வா, படிக்கச் சொல்லுன்னு. கேக்குறாங்களா? எல்லாம் நானே பாத்துக்குவேன், நானே பாத்துக்குவேன். ஏதாச்சும் ஆயிருந்தா சென்டருக்குத்தானே பேரு கெடும்?”

ஒரு தாளை எடுத்து நீட்டினார். கமிட்டி போட்ட புது விதி. பார்வை இல்லாதவர்கள் இனிமேல் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் வரக்கூடாது. துணைக்கு வருகிறவர் மெஷின் ஓடுகிற நான்கு மணி நேரமும் கூடவே இருக்க வேண்டும்.

“இதத் தமிழ்ல அடிச்சு மொத பக்கத்துலயே போட்டுருங்க தம்பி.”

“அவங்களுக்குத் துணைக்கு யாரு சிஸ்டர் வருவா?”

“மருமகதான். வேலய விட வேண்டியதுதான். வேற என்ன பண்றது?”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்ப மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறினேன். சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சொல்லவில்லை.

கடைக்கு வந்து அடிக்கவும் ஆரம்பித்தேன். அதுதான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாதது. இரண்டு வரி முடிந்து மூன்றாவது வரியில்தான் கை நின்றது. இந்த விதி சரோஜா அக்கா ஒருவருக்காகத்தான். அதையும் அவருக்குக் கேட்காத எழுத்தில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற உரிமையைப் பறிக்கிற அறிவிப்பைக்கூட, வேறு யாராவது படித்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

எழுந்து போய் ஹனிபா அண்ணனிடம் சொன்னேன். டி, இசட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அவங்க மொத தடவ போன் பண்ணப்பவே தெரியும்ணே.”

“மொத தடவன்னா?”

“மூணு மாசத்துக்கு மேல ஆச்சு.”

கழற்றிய கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“தெரியாமப் பண்ணிருந்தா நானே சிஸ்டர்கிட்டப் பேசிருப்பேன் தம்பி. என் கடை, என் தப்புன்னு சொல்லிருப்பேன். நீ தெரிஞ்சே சும்மா இருந்திருக்க. இத நா போய்ச் சொல்ல முடியாது. நீயே போ.”

மறுபடியும் பாலம். சிஸ்டர் இந்திராணி அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியைத் தேர்ந்தெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிக் காட்டினேன். அழகான தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் செமிகோலனும் கொட்டின. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்தம்மா சொன்னது சரியா?”

“சரி சிஸ்டர். அவங்க போன் நல்லாத்தான் இருந்துச்சு. பழைய போன்கூட நல்லாத்தான் இருந்துச்சு.”

“ஒங்கள நம்பி நா அவங்களத் திட்டினேன், தெரியுமா? ஆஸ்பத்திரி படுக்கையில வச்சுத் திட்டினேன்.”

சட்டைப் பையிலிருந்த புது விதித் தாளை எடுத்து நீட்டினேன். அவர் அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, நான்காய் மடித்து, மேசை டிராயருக்குள் போட்டார்.

“கமிட்டிகிட்ட நா பேசிக்கிறேன். ஆனா அந்தம்மாகிட்ட நா சொல்ல மாட்டேன். அது ஒங்க வேல.”

7. ஜுருவில்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த சரோஜா அக்காவின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் வந்தது. “யாரு, சேகர் தம்பியா? சிஸ்டர் போன் பண்ணாங்க, நீங்க வரீங்கன்னு. என்னா விஷயம்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்க. வாங்க, வாங்க. கோமதி, தம்பிக்குத் தேத்தண்ணி போடு.”

கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“எல்லாருக்கும் தொல்ல குடுத்துட்டேன் தம்பி. என் தப்புதான். கோமதிய எழுப்பிருக்கணும். வயசாச்சுல்ல, மூள மங்கிப்போச்சு.”

“அக்கா, ஒங்க தப்பு இல்ல. என் தப்பு.”

சொன்னேன். பாடம் மாதிரி இல்லாமல் சுருக்கமாகச் சொன்னேன். நான் தமிழ் அடிக்கவில்லை, ஆங்கிலத்துக்குத் தமிழ் மாதிரி வேஷம் போட்டேன், ஒங்க போன் உண்மையைத்தான் படித்தது, நீங்க முதல் நாள் சொன்னபோதே எனக்குத் தெரியும் என்று. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், போனில் கேட்கிற மாதிரி. நான் முடித்ததும் கேட்டார்: “அந்த டி, இசட், எஃப் என்னா தம்பி?”

“வணக்கம்கா.”

“வணக்கமா?” அவர் விரலால் நாற்காலிக் கையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஏழு தட்டு. “அப்ப நா சரியாத்தான் கேட்டிருக்கேன்.”

“ஆமாக்கா.”

“முப்பது வருஷம் காதுதான் தம்பி எனக்குச் சோறு போட்டுச்சு. ஒருத்தர் பேர ரெண்டாந்தடவ கேட்டது இல்ல. கண்ணு போனப்பகூட நா அழுவல. மூணு மாசமா, காதும் போச்சு, புத்தியும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்குத்தான் அழுதேன்.”

கோமதி தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கொஞ்சம் பலமாகவே வைத்தார், சாசரில் சிந்தியது. “ஞாயித்துக்கெழம முழுக்க அந்தப் போனோட மல்லுக்கட்டினேன் அண்ணே. ஒரு வார்த்த சொல்லிருந்தா போதுமே.”

“அவரத் திட்டாத” என்றார் அக்கா. என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து அவர் சொன்னது இதுதான்: “எப்ப தம்பி சரியாகும்?”

“பத்து நாள்லக்கா.”

“பத்து நாள் கழிச்சு நா கேட்டுப் பாக்குறேன். எழுத்தெழுத்தாக் கேப்பேன்.”

தேநீரை முழுக்கக் குடித்தேன். குடிக்காமல் வந்தால் தப்பாக இருக்கும் என்று தோன்றியது. என்ன ருசி என்று தெரியவில்லை.

8. பத்து நாள்

பழைய எழுத்தை யுனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாற்பது பக்கத்தையும் மாற்ற இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்தத்தான் மீதி நாள். மூன்று மாதம் நான் பயந்துகொண்டிருந்த மலை இவ்வளவுதான். புதிய முறையில் அடிக்கவும் கற்றுக்கொண்டேன். சுவரில் புது அட்டை ஒட்டினேன். முதல் நாள் மாதிரியே தட்டுத் தடுமாறினேன். கடைக்கு வந்தவர் ஒருவர், “என்னா, புது ஆளா?” என்று கேட்டார். சேகர் கைக்கு மிஷின் தோத்துரும் என்று ஹனிபா அண்ணன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

கமிட்டி அந்த விதியைக் கைவிட்டது. கோமதி ஃபேக்டரிக்குப் போகிறார். அக்கா தனியாகத்தான் சென்டருக்கு வருகிறார். பத்தாவது நாள் கடைக்குப் போன் வந்தது. “வணக்கம்னு சொல்லுது தம்பி” என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

தினேஷ், நீ இந்த வேலைக்கு வந்தால் இதை மட்டும் வைத்துக்கொள். உன் திரையில் அழகாகத் தெரிவது வேலை முடிந்ததற்கு அடையாளம் இல்லை. பக்கத்துக்குள் நீ என்ன எழுதி வைத்தாயோ அதுதான் உன் வேலை. ஒருவர் ‘எனக்குச் சரியாக வரவில்லை’ என்று சொன்னால், முதலில் உன் பக்கத்தைத் திறந்து பார். தப்பாக அடிப்பது எல்லாருக்கும் நடக்கும். அதை இன்னொருவர் தலையில் வைப்பதுதான் அசிங்கம். நான் வைத்தேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

‘வணக்கம்னு சொல்லுது’ என்று அக்கா போன் செய்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு பாட்டுப் போட்டிக்குப் போயிருந்தீர்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். மத்தியான வெயில். என் போனில் திரை படிப்பானைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சென்டரின் முதல் பக்கத்தைத் திறந்தேன். விரலை மெல்ல நகர்த்தினேன். வணக்கம் என்றது. அட்டவணை சொன்னது. எந்தப் பழம் சாப்பிடக்கூடாது என்று சொன்னது. ஒரு பெண் குரல், தடங்கல் இல்லாமல். கடைசி வரிக்கு வந்தேன்.

“என். ஆர். எஃப். யு. செமிகோலன்” என்றது.

கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தொட்டேன். அதையே சொன்னது. என் விரல்கள் தொடையில் அசைந்தன. என், ஆர், எஃப், யு, செமிகோலன். சேகர்.

எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரும்படி வடிவமைத்தவன் என்ற முறையில் என் பெயரை நான் பக்கத்தில் எழுதவில்லை, ஸ்டைல்ஷீட்டில் எழுதியிருந்தேன். ஒரே இடத்தில் எழுதினால் நாற்பது பக்கத்திலும் வரும் என்பதற்காக. பக்கங்களை மாற்றினேன், ஸ்டைல்ஷீட்டில் இருந்த அந்த ஒரு வரியையும் அதன் பழைய எழுத்துருவையும் மறந்துவிட்டேன். கண்ணுக்குச் சேகர் என்றே தெரிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் கேட்டிருக்கும். எழுத்தெழுத்தாகக் கேட்பேன் என்றவர். கேட்டும் என்னிடம் சொல்லவில்லை.

அப்படியே உட்கார்ந்து அதை ஏழெட்டு முறை கேட்டேன். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரியை அழித்தேன். பழைய எழுத்துருக் கோப்பையும் அழித்தேன். என் பெயரைத் திரும்பப் போடவில்லை. அந்த இடத்தில், ஸ்டைல்ஷீட்டில் இல்லாமல் பக்கத்துக்குள்ளேயே, புது அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் ஒரு வரி அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போனில் கேட்டேன்.

“இந்தப் பக்கம் உங்களுக்குச் சரியாகக் கேட்காவிட்டால், தவறு உங்கள் போனில் இல்லை” என்றது அந்தக் குரல்.